முதல் கார், புதுக் கை: எந்த வண்டி வாங்குவது, இன்சூரன்ஸை எப்படிப் படிப்பது

"மாமா, லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. எடுத்த நாள்லேருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. என்னை மாதிரி புதுசா ஓட்டறவங்களுக்கு இன்சூரன்ஸ் ரொம்ப கேப்பாங்களாமே?"

அக்கா மகள் கேட்டாள். மேடவாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. கல்லூரிக் காலத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கையும் கிளட்சையும் தானே மிதித்துக்கொண்டு இவளை ஓட்ட வைத்தார். லைசென்ஸ் வந்தது. ஓட்டத் தெரியாது. நம் ஊரில் பாதிப் பேர் கதை இதுதான்.

இன்சூரன்ஸ் பயம் அவளுக்கு லண்டனில் இருக்கும் தோழியிடமிருந்து வந்திருக்கிறது. அங்கே பாலிசி என்பது ஓட்டுபவரின் மீது எடைபோடப்படுவது. வயது என்ன, லைசென்ஸ் எடுத்து எத்தனை வருடம், இதற்கு முன் இடித்திருக்கிறாரா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒரு பழைய கார் வாங்கினால், அந்தக் காரின் விலையைவிட முதல் வருட பிரீமியம் கூடிப்போவதும் உண்டு.

இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே பாலிசி வண்டியின் மீது போடப்படுகிறது. ஓட்டுவது முப்பது வருட அனுபவம் உள்ள பெரியப்பாவா, நேற்று லைசென்ஸ் வாங்கிய பேத்தியா என்பது பிரீமியத்தைப் பெரிதாக அசைப்பதில்லை. கேட்க இது நல்ல சேதி. ஆனால் புதுக் கைக்கான விலையை யாரோ எங்கோ கட்டத்தான் வேண்டும். பிரீமியத்தில் வாங்காததை கிளெய்ம் சமயத்தில், டிங்கரிங் கடையில், பாலிசியின் சின்ன எழுத்து நிபந்தனைகளில் வாங்கிவிடுகிறார்கள். அதனால்தான் முதல் கார் எது என்ற கேள்வியையும் இன்சூரன்ஸ் எப்படி என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

முதலில் வண்டி

அவளுக்கு ஷோரூமிலிருந்து ஒரு விலைப்பட்டியல் வந்திருந்தது. ஷோரூம் விலை 6 லட்சம். "ஆறு லட்சம்தானே மாமா" என்றாள். அந்த எண்ணை யாரும் கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தினார்கள். 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆக 6 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 78 ஆயிரம். பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், முதல் வருட இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் ஆன்-ரோடு விலை 7 லட்சத்தைத் தொட்டுவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. நான்கு மீட்டருக்கு மேல் போகாத நீளம், 1200 சி.சி.க்கு மேல் போகாத பெட்ரோல் இன்ஜின் என்பது அந்தச் சலுகையின் வரையறை. நம் ஊரில் விற்கும் பல சின்ன கார்களின் இன்ஜின் 1197, 1199 என்று எல்லைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்பது ஏன் என்று இப்போது புரியும்.

அப்புறம் கடன். 4 லட்சம் ரூபாயை 9.5 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 8,400. அதையே 7 வருடமாக இழுத்தால் 6,540. ஷோரூமில் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். மொத்தமாகக் கட்டும் பணத்தில் 45 ஆயிரம் கூடுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். தவணையோடு செலவும் முடிவதில்லை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு ஐந்தரை ஆயிரம். சர்வீஸ், டயர், பார்க்கிங் தனி.

என் கருத்து, ஓட்டப் பழகாதவருக்கு முதல் கார் செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். காரணம் பணம் மட்டும் இல்லை. முதல் வருடத்தில் வண்டி இடிபடும். கேட்டில், தூணில், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வண்டியின் பம்பரில், ரிவர்ஸில் தென்னை மரத்தில். புதுக் கார் என்றால் ஒவ்வொரு கீறலுக்கும் வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு ஓட்டினால் பயம் கூடும், ஓட்டுவது குறையும், ஆறு மாதத்தில் வண்டி கவர் போட்டு நிற்கும். ஏற்கெனவே நாலு கீறல் விழுந்த வண்டியில் ஐந்தாவது விழுந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இன்னொரு லாபம், தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள பழைய காருக்கு முதல் உரிமையாளரே ஆயுள் வரி கட்டிவிட்டார். உங்களுக்கு அது கிடையாது. (பி.ஒய். எண் வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பாண்டிச்சேரி பக்கம் ஓடுபவர்கள், அதை டி.என். எண்ணுக்கு மாற்றும்போது என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி இங்கே வரி கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பழைய கார் என்றால் எவ்வளவு பழையது? இதற்கு நான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். 2019 ஏப்ரல் முதல் எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் (திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக், ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் போடாவிட்டால் கத்தும் ஒலி, வேகம் மீறினால் எச்சரிக்கும் ஒலி எல்லாம் கட்டாயம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் என்பது 2022 முதல் எல்லா மாடலிலும் வந்துவிட்டது. ஆகவே 2019 ஜூலைக்கு முந்தைய அடிமட்ட வேரியன்ட் எதையும் புதுக் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. 2012 மாடல் ஒன்று ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கும்தான். ஏர்பேக் இல்லாத, ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில், பிரேக்கை எப்போது எவ்வளவு மிதிப்பது என்று இன்னும் கால் பழகாத ஒருவர் ஓ.எம்.ஆர். சாலையில் போவதை யோசித்துப் பாருங்கள்.

மாடல் என்று கேட்டால், ஊரில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக்கூடிய வண்டி எதுவும் சரி. ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஐ10 வகைகள், ஒரகடத்தில் செய்யும் க்விட், டாடா டியாகோ. பாதுகாப்பில் இவை ஒன்றுபோல் இல்லை. குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் டியாகோ 2020இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2023இல் வேகன் ஆர் ஒன்றுதான் வாங்கியது. 2023 அக்டோபர் முதல் நமக்கே பாரத் என்.சி.ஏ.பி. என்ற சோதனை முறை இருக்கிறது. மைலேஜுக்கும் ரீசேல் விலைக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியை இந்த நட்சத்திரத்துக்குக் கொடுங்கள். டீசல் பற்றிப் பேச வேண்டியதில்லை. தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது தேவையில்லாத தலைவலி. கிளட்ச் பயம் உள்ளவர்கள், கிளட்ச் மிதிக்காமல் தானாகவே கியர் மாறும் ஏ.எம்.டி. வண்டி பார்க்கலாம். மேனுவல்தான் 'உண்மையான டிரைவிங்' என்று சொல்லும் சித்தப்பா, பள்ளிக்கரணை சிக்னலில் ஹாஃப் கிளட்சில் உங்களுக்குப் பதில் நிற்கப் போவதில்லை.

வண்டியைப் பார்க்கப் போகும்போது நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது எல்லோரும் சொல்வது. நான் சொல்வது, விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். அதில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி அது. முதல் வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 20, பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்து வருட வண்டி, ஒரே உரிமையாளர், "ஒரு கீறல்கூட விழுந்ததில்லை சார்" என்கிறார், பாலிசியில் என்.சி.பி. பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம்? போன வருடம் கிளெய்ம் போட்டிருக்கிறார், அல்லது பாலிசியைப் புதுப்பிக்காமல் 90 நாளுக்கு மேல் விட்டிருக்கிறார். இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று ஊரே மூழ்கிய நாட்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே தங்கிவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரை விரிப்புக்குக் கீழே ஈர வாடை வருகிறதா என்றும் பாருங்கள்.

பாலிசிக்குள் என்ன இருக்கிறது

கார் இன்சூரன்ஸ் என்பது ஒரே பேப்பரில் இருக்கும் இரண்டு வேறு ஒப்பந்தங்கள். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று தேர்ட் பார்ட்டி. உங்கள் வண்டி யாரையாவது இடித்து அவர் இறந்தாலோ காயம் பட்டாலோ, அவருடைய பொருள் சேதமானாலோ, அந்த இழப்பீட்டை உங்கள் சார்பில் கம்பெனி கொடுக்கும். மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. அபராதம் கிடக்கட்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை இடித்துவிட்டால், விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகை உரிமையாளரின் வீட்டை விற்றாலும் தீராமல் போகலாம். உயிருக்கும் காயத்துக்கும் பாலிசியில் உச்ச வரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை.

இதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒன்றுதான், பேரம் இல்லை. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணம்: 1000 சி.சி. வரை வருடத்துக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. 998 சி.சி. வண்டிக்கும் 1197 சி.சி. வண்டிக்கும் வருடம் 1,300 ரூபாய் வித்தியாசம் இங்கேயே விழுகிறது. புதுக் கார் என்றால் தேர்ட் பார்ட்டியை மூன்று வருடத்துக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரில் வந்த விதி அது.

இரண்டாவது ஓன் டேமேஜ். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம். இது கட்டாயம் இல்லை. இரண்டும் சேர்ந்ததைத்தான் 'ஃபுல் கவர்' என்றும் 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்றும் சொல்கிறோம்.

"பழைய கார்தானே, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக்கலாமே" என்று அக்கா குறுக்கே சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருட வண்டிக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உங்கள் காருக்குள் உட்கார்ந்து வரும் தம்பியோ தோழியோ சட்டத்தின் கணக்கில் தேர்ட் பார்ட்டி இல்லை. ரோட்டில் நடந்து போகும் முன்பின் தெரியாதவருக்குக் கிடைக்கும் காப்பு, குறைந்தபட்சப் பாலிசியில் உங்கள் பக்கத்து இருக்கைக்குக் கிடைக்காது. ஃபுல் கவர் பாலிசியில் அவர்களும் அடங்குவார்கள். புதுக் கை வண்டியில் அக்காதான் முதலில் ஏறப்போகிறாள் என்பதால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஓன் டேமேஜின் விலையை இப்படித்தான் கட்டுகிறார்கள். முதலில் ஐ.டி.வி., அதாவது வண்டி திருடு போனாலோ முற்றிலும் நொறுங்கினாலோ கம்பெனி கொடுக்கும் அதிகபட்சத் தொகை. ஷோரூம் விலையிலிருந்து வயதுக்கேற்ப கழித்து வருவது. ஒன்று முதல் இரண்டு வருடம் என்றால் 20 சதவீதக் கழிவு, பிறகு 30, 40, நாலு முதல் ஐந்து வருடத்துக்கு 50. அதற்கு மேல் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. அந்த ஐ.டி.வி.யின் மேல் ஒரு விகிதம். சென்னை, மும்பை, டெல்லி உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களில் பதிவான வண்டிக்குக் கொஞ்சம் கூட, மதுரை, கோவை வண்டிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கில் எங்கேயாவது ஓட்டுபவரின் அனுபவம் வருகிறதா? வராது.

அவளுக்கு நாங்கள் பார்த்து முடித்தது 2021 மாடல், 1199 சி.சி. ஹேட்ச்பேக். ஐ.டி.வி. 3 லட்சம். ஐந்து வருடத்துக்கு உட்பட்ட இந்த அளவு இன்ஜினுக்குச் சென்னையில் பழைய கட்டண அட்டவணை விகிதம் 3.283 சதவீதம், ஆக 9,849 ரூபாய். கட்டணக் கட்டுப்பாடு 2007இல் நீங்கிவிட்டது. ஆனாலும் கம்பெனிகள் இன்னும் அதை அடிப்படையாக வைத்து அதன் மேல் தள்ளுபடி தருகின்றன. 60 சதவீதத் தள்ளுபடி என்றால் 3,940. தேர்ட் பார்ட்டி 3,416. கூட்டினால் 7,356. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,324. மொத்தம் 8,680. மற்ற கூடுதல் காப்புகள் இதற்கு மேல்.

தள்ளுபடிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் இடம். அதனால் நாலு இடத்தில் விலை கேளுங்கள். ஷோரூமிலோ கார் விற்பவரிடமோதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. விலையை ஒப்பிடும்போது எல்லோரிடமும் ஒரே ஐ.டி.வி. சொல்லிக் கேளுங்கள். ஒருவர் மட்டும் ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்கிறார் என்றால் ஐ.டி.வி.யை ஐம்பதாயிரம் இறக்கியிருக்கிறாரா என்று பாருங்கள்.

புதுக் கைக்கு எது வேண்டும், எது வேண்டாம்

கூடுதல் காப்புகளின் பட்டியல் கல்யாண மெனு மாதிரி நீளும். எல்லாவற்றையும் எடுத்தால் பிரீமியம் இரட்டிப்பாகும்.

புதிதாக ஓட்டுபவர் விடக் கூடாதது ஒன்றே ஒன்று: ஜீரோ டெப்ரிசியேஷன். 'பம்பர் டு பம்பர்' என்று கேட்டால் ஏஜென்ட்டுக்கு உடனே புரியும். சாதாரண ஃபுல் கவரில், மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, நாலு முதல் ஐந்து வருட வண்டி என்றால் 35 சதவீதம். கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், ஓட்டப் பழகுபவர் உடைப்பது எதை? பம்பர், சைடு மிரர் கூடு, ஹெட்லைட். எல்லாம் பிளாஸ்டிக். 12 ஆயிரம் ரூபாய் பம்பருக்குக் கம்பெனி 6 ஆயிரம் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டும். நான் முதலில் சொன்னேனே, புதுக் கைக்கான விலையைக் கிளெய்மில் வாங்குகிறார்கள் என்று, அது இந்த இடம்தான். ஜீரோ டெப்ரிசியேஷன் இருந்தால் அந்தக் கழிவு இல்லை. பொதுவாக ஐந்து வருடம் வரையிலான வண்டிக்குத்தான் தருவார்கள், சில கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாக. வருடத்துக்கு இரண்டு கிளெய்ம் என்ற வரம்பும் பல பாலிசிகளில் உண்டு. பழைய கார் வாங்கும்போது நாலு வருட வண்டியா ஏழு வருட வண்டியா என்று தடுமாறினால், இதையும் தராசில் வையுங்கள்.

சென்னைக்காரர் என்றால் இரண்டாவதாக இன்ஜின் புரொடெக்‌ஷன். மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. வெள்ளத்தில் நனைந்த சீட்டுக்கும் ஒயரிங்குக்கும் ஃபுல் கவர் போதும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு, உள்ளே ராடு வளைந்துபோனால் அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்கள் சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார். அந்தச் செலவு இந்தக் கூடுதல் காப்பு இருந்தால்தான் கிடைக்கும். காப்பு இருக்கிறதோ இல்லையோ, தண்ணீரில் நின்ற வண்டியில் சாவி போடாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

நடுரோட்டில் நின்றால் ஆள் அனுப்பும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சில நூறு ரூபாய்தான், எடுத்துக்கொள்ளலாம். வண்டி திருடு போனால் ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பழைய காருக்குப் பொருளில்லாதது. 'வாலன்டரி டிடக்டிபிள்' என்று ஒன்று இருக்கிறது. சேதத்தில் முதல் இத்தனை ஆயிரத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் பிரீமியம் குறையும். நன்றாக ஓட்டுபவருக்கு நல்ல பேரம். முதல் வருடக்காரருக்கு அது சொந்தக் காசில் வைத்துக்கொள்ளும் சூனியம்.

பெயர் விஷயம் ஒன்று. "அப்பா பேர்லயே வாங்கிடலாம்" என்பது நம் வீடுகளில் வழக்கம். பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளராகவும் லைசென்ஸ் உள்ளவராகவும் இருப்பவருக்கு உரியது. அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகள் என்றால் விபத்தில் மகளுக்கு அந்தக் காப்பு வராது. ஓட்டப்போவது யாரோ அவர் பெயரில் வண்டியை வாங்குங்கள்.

லைசென்ஸ், பெயர் மாற்றம்

பாலிசியில் 'டிரைவர்ஸ் க்ளாஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். அந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 3இன்படி: வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து, பக்கத்தில் முழு லைசென்ஸ் உள்ள ஒருவர், அவர் வண்டியை நிறுத்த வசதியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆரோடு தனியாகப் பால் வாங்கப் போய் இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரவும் கூடும். பதினெட்டு ஆகாத தம்பியிடம் சாவி கொடுத்தால் கதை வேறு. 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25 ஆயிரம் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பழைய கார் வாங்கினால் ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறியதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பாலிசியையும் மாற்ற வேண்டும், 14 நாட்களுக்குள். தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி தானாக உங்களுக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. விற்றவர் பெயரில் பாலிசி இருக்க, நீங்கள் இடித்துவிட்டு கிளெய்ம் போட்டால் அவருக்கு வண்டி இல்லை, உங்களுக்குப் பாலிசி இல்லை என்று கையை விரிப்பார்கள். விற்றவரின் என்.சி.பி.யும் உங்களுக்கு வராது. அது ஆளுக்குச் சொந்தம், அவர் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோவார். பழைய கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் வாங்காமல் பணம் முழுதும் கொடுக்காதீர்கள். பாக்கி அபராதம் எதுவும் உண்டா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் அரை மணி நேர வேலை.

முதல் இடி

வண்டி வந்த பதினோராம் நாள் இரவு போன் வந்தது. "மாமா, கேட்டுத் தூண்ல இடது பக்கக் கதவை உரசிட்டேன்." ஆளுக்கு ஒன்றும் இல்லை, தூணுக்கும் ஒன்றும் இல்லை. டிங்கரிங் கடையில் 3,200 என்றார்கள்.

கிளெய்ம் போடலாமா? சின்னதுக்கெல்லாம் போடாதே, என்.சி.பி. போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு போகும் என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. முதல் வருடத்தில் கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 20க்குப் பதில் பூஜ்யம், அதற்கடுத்து 25க்குப் பதில் 20, பிறகு 35க்கு 25, 45க்கு 35, 50க்கு 45. ஐந்து வருடத்தில் இழப்பது 20, 5, 10, 10, 5, ஆக மொத்தம் 50 சதவீதம். அதாவது ஒரு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி. அவள் கணக்கில் சுமார் 1,970 ரூபாய். அதோடு ஒவ்வொரு கிளெய்மிலும் 1500 சி.சி. வரையிலான வண்டிக்கு முதல் 1,000 ரூபாய் நம்முடையது. கூட்டினால் ஒரு கிளெய்மின் உண்மையான விலை கிட்டத்தட்ட 3,000. அதற்கு உட்பட்ட செலவென்றால் கைக்காசு, ஏழெட்டாயிரம் என்றால் தயங்காமல் கிளெய்ம். 50 சதவீதம் ஏறி நிற்பவருக்கு மட்டும் இந்த விலை கூடுதல். அவர் ஐந்து வருடத்தில் ஒன்றேகால் வருட பிரீமியத்தை இழப்பார். புதுக் கைக்கு இழக்க இன்னும் ஒன்றும் சேரவில்லை.

3,200 எல்லைக் கோட்டில் நின்றது. ஜீரோ டெப்ரிசியேஷனில் இரண்டில் ஒரு வாய்ப்பை இதற்குக் கொடுப்பானேன் என்று விட்டோம். அவளுக்கு அதில் இன்னொரு திட்டமும் இருந்தது.

"இருக்கட்டும் மாமா. எப்படியும் இன்னும் ரெண்டு மூணு விழும். எல்லாத்தையும் சேத்து ஒரே கிளெய்மாப் போட்டுடலாம்."

ஒவ்வொரு இடிக்கும் ஒரு கிளெய்ம், தேதியும் இடமும் எழுதித் தர வேண்டும், தூணில் உரசியதும் பஸ்ஸில் உரசியதும் வேறு வேறு உயரத்தில் இருப்பதை சர்வேயர் பார்த்ததும் சொல்லிவிடுவார் என்று நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

"அப்ப அந்தக் கதவை அப்படியே விட்டுடறேன். பார்க்கிங்ல என் வண்டி எதுன்னு கண்டுபிடிக்க வசதியா இருக்கு" என்றாள்.